தாங்காத நூலுக்கு ஒரு ஓட்டு

ஆட்டையாம்பட்டியில் காங்கிரசை யாராவது திட்டிக் கேட்க வேண்டுமென்றால் எதிர்க்கட்சிக்காரனைத் தேடி அலைய வேண்டியதில்லை. எங்கள் தெருக் காங்கிரஸ் தலைவரிடம் போனால் போதும். தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தபடியே சின்னண்ணன் காலையிலிருந்து திட்டிக்கொண்டிருப்பார். கேட்க ஆள் கிடைத்தால் இன்னும் கொஞ்சம் உற்சாகமாகத் திட்டுவார். பொழுது சாய்ந்ததும் குழியை விட்டு ஏறி, முகம் கழுவி, கொடியை எடுத்துக்கொண்டு அதே காங்கிரசுக்கு ஆள் சேர்க்கக் கிளம்பிவிடுவார்.

இதில் ஏதோ இடிக்கிறது என்று அவருக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. எங்களுக்குத் தோன்றியது. கேட்டும் பார்த்தோம்.

"வெள்ளக்காரன் போகோணும். அதுல என்ன மாத்தமிருக்குது? போறதுக்கு இவங்களத் தவுத்து வேற ஆளில்ல. ஆனா நூலப் பத்தி இவங்களுக்கு ஒரு எளவும் தெரியாது" என்றார்.

தகராறு அந்த ஒன்றில்தான். சின்னண்ணன் நெய்வது சன்னமான மில் நூலில், பட்டுக்கரை போட்ட வேட்டி. சேலத்து வியாபாரி வாங்கிப்போய் எங்கெங்கோ விற்பான். காங்கிரசோ, கையால் நூற்ற நூலைக் கையால் நெய்த கதரைத் தவிர வேறு எதையும் உடுத்தக் கூடாது என்று சொன்னது. கமிட்டியில் இருக்கிறவன் தானும் கொஞ்சமாவது நூற்க வேண்டும் என்றும் சொன்னது. ஆகவே எங்கள் ஊரிலேயே நேர்த்தியான வேட்டியை நெய்கிற மனிதர், கதர்க் கடையில் வாங்கிய முரட்டு வேட்டியை முழங்காலுக்குக் கீழே இறக்க முடியாமல் இழுத்து இழுத்து விட்டுக்கொண்டு நடந்தார்.

அவர் காங்கிரசில் சேர்ந்த கதையும் இந்த லட்சணம்தான். உப்புக் காய்ச்சப் போனார்களே, அந்த வருஷம். துணி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு சேலம் கடைவீதியில் போனவர் ஊர்வலத்துக்கு நடுவே மாட்டிக்கொண்டார். போலீஸ்காரன் தடியை ஓங்கினான். அடி மூட்டையின் மேல் விழுந்தது. பக்கத்தில் நின்ற கிழவருக்கு மூட்டை இல்லை. அவருக்கு மண்டையில் விழுந்தது. மனசு ஆறாமல் சின்னண்ணன் அன்று சாயங்காலம் நடந்த கூட்டத்துக்குப் போனார். மேடையில் அந்தக் கிழவர் தலைக்கட்டோடு உட்கார்ந்திருந்தார். "உயிருள்ளவரை கதர் உடுத்துவோம் என்று சத்தியம் செய்கிறவர்கள் கையைத் தூக்குங்கள்" என்று ஒருவர் முழங்கினார். சின்னண்ணனும் கையைத் தூக்கினார். ஒரு கேள்வி கேட்கத்தான் தூக்கினார். தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டுகிற பாவுக்கு அந்த நூல் தாங்குமா என்று கேட்க நினைத்தார். அதற்குள் தூக்கிய கைக்காரர்களை எல்லாம் பார்த்துத் தலைக்கட்டுக் கிழவர் கும்பிட்டுவிட்டார். அப்புறம் கையை இறக்க இவருக்கு மனசு வரவில்லை.

"எனக்கு உளவேண்டிய அடி மூட்ட மேல உளுந்துச்சு. அந்த வெக்கத்துக்குத்தான் இத உடுத்தறேன்" என்பார்.

சத்தியத்தை அவர் சும்மா காப்பாற்றவில்லை. திட்டிக்கொண்டே காப்பாற்றினார். தினம் காலையில் தறியில் உட்காருமுன் தக்ளியைச் சுற்றி நூற்பார். நெய்கிற கைக்கு நூற்க வராது என்பதை அவரைப் பார்த்துத்தான் நாங்கள் தெரிந்துகொண்டோம். அவர் நூற்ற நூல் ஓரிடத்தில் மயிரிழை, ஓரிடத்தில் வைக்கோல் பிரி. தானே இழுத்துப் பார்ப்பார். பட்டென்று அறும். "பாத்தீங்களா, நாஞ் சொன்னனா இல்லியா?" என்று வெற்றி பெற்றவர்போல எங்களைப் பார்ப்பார். அறுந்ததைச் சுருட்டிச் சாக்கில் போடுவார். மறுநாள் மறுபடி நூற்பார். அவர் சம்சாரம் செல்லாயி அந்தச் சாக்கிலிருந்து எடுத்துக் கீரைக்கட்டுக் கட்டுவாள், விளக்குக்குத் திரி போடுவாள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நெசவுக்காரன் கை சும்மா இருக்காது. எதிரே வந்து நிற்கிறவன் துணியின் ஓரத்தை இரண்டு விரலுக்கு நடுவே வைத்துத் தேய்த்துப் பார்க்காமல் எங்களால் பேச்சையே தொடங்க முடியாது. சம்பந்தி வந்தாலும் சரி, சப்-இன்ஸ்பெக்டர் வந்தாலும் சரி. சின்னண்ணன் இதில் எங்களைவிட மோசம். ஆனால் கட்சித் தலைவர்கள் வந்தால் மட்டும் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். வந்தவர்கள் அதைப் பணிவு என்று நினைத்துப் பூரித்துப்போவார்கள்.

பணிவாவது! "தொட்டுப் பாத்து, அது மில்லு நூலுன்னு வெரலு சொல்லீருச்சுன்னா அப்பறம் நான் என்ன பண்றதுங்க?" என்றார் ஒருநாள். "தெரியாத வரைக்கும் கம்முனு கட்சியில இருந்துக்கலாம்."

இப்படி ஏழு வருஷம் போயிற்று. முப்பத்தேழாம் வருஷத்துத் தேர்தல் வந்தது.

காங்கிரசுக்குச் சேலத்து வக்கீல் ஒருவர் நின்றார். எதிரே ஒரு மிட்டாதார், சுற்று ஊர்களுக்கு ஜமீன்தார் மாதிரி. வீட்டு வரி கட்டுகிறவர்களுக்கு ஓட்டு உண்டு என்றார்கள். பெயர் படிக்கத் தெரியாதவர்களுக்காக ஆளுக்கொரு நிறத்தில் பெட்டி வைப்பார்களாம். வக்கீலுக்கு மஞ்சள், மிட்டாதாருக்குப் பச்சை. எங்கள் தெருவில் ஓட்டு உள்ளவர்கள் எல்லாரும் சின்னண்ணன் எந்தப் பெட்டி என்று பார்த்துக்கொண்டு போடுகிறவர்கள். அதனால் இரண்டு பக்கமும் அவர் மேல் ஒரு கண் இருந்தது.

மிட்டாதாருக்கு எங்கள் ஊரில் வேலை பார்த்தவர் மருதாசலம். செல்லாயியின் கூடப்பிறந்த அண்ணன், அடுத்த தெரு, தறிக்காரர்தான். மிட்டாதார் எப்போதோ ஒருமுறை காரை நிறுத்தி அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டார். அதிலிருந்து மனிதர் அந்தப் பக்கம். அதற்கு மேல் காரணம் ஒன்றும் கிடையாது. எங்கள் ஊரில் பாதிப் பேருடைய அரசியல் இப்படித்தான் ஆரம்பித்தது என்பதால் யாரும் அவரைக் குறை சொல்லவில்லை.

மிட்டாதார் பாவடியில் கூட்டம் போட்டார். பாவு நீட்டிக் கஞ்சி போடுகிற மைதானம் அது. சின்னண்ணனும் போய்க் கடைசியில் நின்றார். மிட்டாதார் நல்ல பேச்சுக்காரர். "நெசவாளப் பெருமக்களே! உங்கள் விரலுக்குத் தெரிந்தது வக்கீல் வாய்க்குத் தெரியுமா? ராட்டை நூலைப் பாவாகப் போட்டால் கஞ்சி காய்வதற்குள் அறுந்துபோகும். கதர் கதர் என்கிறவனை ஒருநாள் தறிக்குழியில் உட்கார வையுங்கள், அன்றைக்கே ஓடிவிடுவான். நெய்கிறவனுக்கு வேண்டியது நயமான மில் நூல், நயமான விலையில்!" என்றார்.

கூட்டம் முழுவதும் திரும்பிச் சின்னண்ணனைப் பார்த்துச் சிரித்தது. ஒரு வார்த்தை மாறாமல் அவர் தறிக்குழியிலிருந்து தினம் சொல்வதுதான். மருதாசலம் அள்ளிக்கொண்டு போய்க் கொடுத்திருக்கிறார்.

எனக்கு அவர் முகம் நினைவிருக்கிறது. திருட்டுக் கொடுத்தவன் தன் பொருளைச் சந்தையில் பார்த்ததுபோல நின்றார். சொன்னது அத்தனையும் நிஜம். அவருடைய நிஜம். ஆனால் சொன்னவர், வெள்ளைக்காரக் கலெக்டர் வந்தால் ஊர் எல்லையிலேயே பந்தல் போட்டு மேளம் வைத்து அழைக்கிறவர்.

கூட்டம் கலைந்ததும் மருதாசலம் சிரித்துக்கொண்டே வந்தார். "ஏனுங்க மாப்ள, எசமான் எப்புடி? எல்லாம் உங்க பேச்சுத்தான். அவரு உங்க பக்கம் வந்துட்டாரு. நீங்கதான் இன்னும் அவரு பக்கம் வரல."

"மச்சான், நாஞ் சொன்னா அது என்ற ஊட்டுச் சண்ட. எங்கூட்டுச் சண்டைக்கு உங்க எசமான் எதுக்குங்க தமுக்கடிக்கறாரு?"

"சரியான பேச்சா இல்லியா, அதச் சொல்லுங்க."

"சரியான பேச்சுத்தான்" என்றார் சின்னண்ணன். அதற்குப் பிறகு சில நாள் அவர் தறியிலிருந்து திட்டுச் சத்தமே கேட்கவில்லை. திட்டினால் அது மிட்டாதாருக்குப் போய்ச் சேர்ந்துவிடும் என்று பயம். வாயை மூடிக்கொண்டு நெய்தார். அது அவருக்கு ஜெயில் தண்டனையைவிடக் கொடுமையாக இருந்திருக்கும்.

நியாயமாகப் பார்த்தால் அவர் பச்சைப் பெட்டிக்குத்தான் ஓட்டுப் போட்டிருக்க வேண்டும். அவருக்கு நன்றாகத் தெரிந்த விஷயம் உலகத்தில் ஒன்றே ஒன்று. அந்த ஒன்றில் மிட்டாதார் அவரோடு ஒத்துப்போனார், வக்கீல் ஒத்துப்போகவில்லை. இதை நான் அவரிடமே சொன்னேன். என்னை முறைத்துப் பார்த்துவிட்டு இழை ஓட்டுகிற நாடாவைத் தட்டினார்.

இந்தச் சமயத்தில்தான் மகள் சௌந்திரத்துக்குக் கல்யாணம் வந்தது. மாப்பிள்ளை ராசிபுரம். தையில் முகூர்த்தம், மாசியில் ஓட்டு.

எங்கள் தெருவில் கல்யாணப் பெண் தகப்பனுக்கு ஒரு வேட்டி நெய்து கொடுப்பது வழக்கம். அதை உடுத்திக்கொண்டுதான் அவன் மகளைத் தாரை வார்க்க வேண்டும். நெய்யத் தெரிந்த பெண்ணைத்தான் அனுப்புகிறேன் என்று சம்பந்திக்குச் சொல்கிற முறை அது. பெண்ணுக்கு அதைவிடப் பெரியது. பிறந்த வீட்டில் அவள் கடைசியாக நெய்கிற துணி அதுதான். வழக்கப்படி சன்னமான மில் நூலில், பட்டுக்கரை போட்டு இருக்கும்.

சின்னண்ணனுக்கு இப்போது வசமாக இறுகிவிட்டது. உடுத்தினால் சத்தியம் போச்சு. உடுத்தாவிட்டால் மகள் மனசு போச்சு. இரண்டில் எது நடந்தாலும் சிரிக்கத் தெருவே காத்திருந்தது. கல்யாணத்தன்று அவர் மில் வேட்டி கட்டினால் தெரு ஓட்டு முழுவதும் பச்சைப் பெட்டிக்குத்தான் என்று மருதாசலம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

செல்லாயி நேராகவே கேட்டாள். "ஏனுங்க, புள்ள நெய்ஞ்சத உடுத்தாம அவ கையப் புடிச்சு எப்புடிக் குடுப்பீங்க?"

"சத்தியம் பண்ணீட்டனே."

"அந்த நூலு தப்புன்னு தெனமும் நீங்கதான சொல்றீங்க?"

"தப்புன்னு சொல்றது வேற. உட்டுப்போடறது வேற."

"எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது" என்று சொல்லிவிட்டு அவள் அடுப்புக்குப் போனாள். எங்களில் பெரும்பாலோருக்கும் அப்படித்தான் தெரிந்தது.

சௌந்திரம் அதிகம் பேசாத பெண். வீட்டுத் தறியில் வியாபாரிக்குக் கொடுக்க வேண்டிய பாவு ஓடுகிறது, அப்பாவுக்கான வேட்டியை மாமன் வீட்டுத் தறியில் நெய்துகொள்கிறேன் என்றாள். போகும்போது அந்தச் சாக்கைக் காட்டி, "அப்பா, இத எடுத்துக்கட்டுங்களா? கலியாண ஊட்டுல வெளக்கு நெறைய வெக்கோணும். திரிக்கு ஆகும்" என்று கேட்டாள். ஏழு வருஷ நூல். சின்னண்ணனுக்குச் சுருக்கென்றது. ஆனால் அது திரிக்குத்தான் ஆகும் என்று ஊருக்கெல்லாம் சொன்னவர் அவர்தானே. "எடுத்துக்க சாமி" என்றார்.

கல்யாணத்துக்குச் சில நாள் முன்பு வக்கீல் ஓட்டுக் கேட்டு எங்கள் தெருவுக்கு வந்தார். வாசலில் கயிற்றுக் கட்டில் போட்டு உட்கார வைத்தார்கள். சின்னண்ணன் வழக்கம்போலக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். செல்லாயி விடவில்லை. மோர்ச் சொம்பைக் கொடுத்துவிட்டு விஷயத்தை அவரிடமே போட்டு உடைத்தாள். "நீங்களே ஒரு வழி சொல்லுங்க வக்கீலய்யா. புள்ள நெய்யறத அப்பன் உடுத்தலாமா, கூடாதா?"

நாங்கள் எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டோம். கூடாது என்று சொல்வார், ஒரு பிரசங்கம் நடக்கும் என்று எதிர்பார்த்தோம். சின்னண்ணன் அதற்குப் பதில்கூடத் தயாராக வைத்திருந்தார். ஏழு வருஷமாகக் கேட்க நினைத்த கேள்வியை அன்றைக்காவது கேட்டுவிடலாம் என்று உதட்டை நனைத்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

வக்கீல் மோரைக் குடித்துவிட்டுச் சிரித்தார். "இதுக்கா இவ்வளவு யோசனை? ஒரு நாள்தானே! தாராளமாகக் கட்டிக்கொள்ளுங்கள். நான் கண்டுகொள்ள மாட்டேன். தேர்தல் நேரத்தில் தெருவைப் பகைத்துக்கொண்டு நமக்கு என்ன ஆகப்போகிறது?"

செல்லாயிக்கு முகம் மலர்ந்தது. எங்களுக்கும் அப்பாடா என்றிருந்தது. சின்னண்ணன் மட்டும் முன்னால் வந்தார். பின்னால் கட்டியிருந்த கையை அவிழ்த்தார். ஏழு வருஷத்தில் முதல் தடவையாக ஒரு தலைவருடைய துண்டின் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்துத் தேய்த்துப் பார்த்தார்.

மில் நூலாக இருக்கும், இதோ மானம் போகிறது என்று நினைத்தேன்.

இல்லை. அசல் கதர். முடிச்சும் முண்டுமாக, மேலில் பட்டால் அரிக்கிற கதர்.

"இது நெசமான கதருங்க" என்றார் சின்னண்ணன். "ஒரு நாளைக்கு நீங்க இத உட்டுப்போட்டு மில்லுத் துணி கட்டுவீங்களா?"

"நான் எப்படியப்பா கட்ட முடியும்? நான் நாலு பேருக்கு முன்னால் நிற்கிறவன்."

"அப்ப சத்தியம் உங்குளுக்குத்தான் ஒட்டும். எனக்கு ஒட்டாது. அப்புடித்தானுங்களே?"

வக்கீலுக்குப் புரியவில்லை. சலுகை கொடுத்தால் சந்தோஷப்படுவான் என்று நினைத்த மனிதன் சண்டைக்கு வருகிறான். "உன் சங்கடத்துக்காகச் சொன்னேன்" என்றார்.

"ஏழு வருசமா இந்த நூலு தப்புன்னு நான் கத்தறேன். தப்பு, மாத்தீரலாம்னு நீங்க சொல்லியிருந்தா உங்க காலுல உளுந்து கும்புட்டிருப்பேன். சரிதான், மாத்தமாட்டோம்னு சொல்லியிருந்தாலும் கேட்டுக்கிட்டிருப்பேன். சரிதான், ஆனா நீ செய்யாட்டிப் பரவாயில்லைங்கறீங்களே! நான் என்ன, எண்ணிக்கைக்கு இருக்கற ஆளுங்களா?"

வக்கீல் வேறு தெருவுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்துபோனார். நல்ல மனிதர்தான். ஆனால் ஏழை எதிலும் தளர்ச்சி கேட்பான், கொடுத்தால் வாங்கிக்கொள்வான் என்று நினைக்கிற நல்ல மனிதர். எனக்கு இந்த வகை நல்லவர்களைக் கண்டால் இன்றைக்கும் ஆகாது.

அன்றைக்குச் சின்னண்ணன் கொடியைச் சுருட்டி மூலையில் வைத்தார். தனக்கு ஒத்துவராத கொள்கையைக் கட்சி தளர்த்தினால் மனிதன் கட்சியோடு ஒட்டுவான் என்பார்கள். இவருக்கு அது தளர்ந்ததும்தான் கட்சியோடு விட்டுப்போனது. மருதாசலம் இதைக் கேள்விப்பட்டுத் துள்ளிக் குதித்தார்.

முகூர்த்த நாள் வந்தது. ஒறம்பரை, உறவுசனம் எல்லாம் கூடியிருந்தது. சௌந்திரம் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு மடித்த வேட்டியைக் கொண்டுவந்து தகப்பன் முன் நீட்டினாள். அவர் என்ன செய்யப்போகிறார் என்று ஒருவருக்கும் தெரியாது. அவருக்கே தெரியாது என்று பிற்பாடு சொன்னார். கதர்க் கடை வேட்டியை ஏற்கெனவே கட்டிக்கொண்டு நின்றார். தாம்பாளத்தைப் பார்க்காமல் பந்தல் மூங்கிலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பழக்கம் விடுமா? பார்க்காமலே விரல் போய் வேட்டியின் ஓரத்தைத் தேய்த்தது.

தேய்த்த விரல் நின்றுவிட்டது.

அவ்வளவு கோரமான வேட்டியை எங்கள் ஊர்த் தறி எதுவும் அதற்கு முன் நெய்ததில்லை. ஓரிடம் சாக்கு, ஓரிடம் சல்லடை. இழைக்கு இழை முடிச்சு. கரை மட்டும் நேராக ஓடியது. அது பெண்ணின் கைத்திறம். நூல் யாருடையது என்று விரலுக்குத் தெரிந்துவிட்டது. தன் கை நூற்றது தன் விரலுக்குத் தெரியாதா?

சின்னண்ணன் மகளைப் பார்த்தார். ஆசீர்வாதம் செய்ய வேண்டிய நேரத்தில் தறிக்காரனாகத்தான் வாயைத் திறந்தார்.

"இது பாவுக்கு எப்புடி சாமி நின்னுச்சு?"

"நிக்கலீங்கப்பா. அந்துக்கிட்டே இருந்துச்சு. முடிஞ்சு முடிஞ்சுதான் நெய்ஞ்சேன்."

மனிதர் உடைந்து அழுதார். சம்பந்திகள் முன்னால், மேளக்காரர்கள் முன்னால், வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமில்லை. செல்லாயி அழுதுகொண்டே, "இதுக்கு மூட்ட கட்டற படுதாவே தேவலாம்" என்றாள்.

இதில் பெரிய வேடிக்கை என்னவென்றால், அந்தக் கதர் வேட்டி தயாரானது மிட்டாதார் கட்சிக்காரர் வீட்டில். மருதாசலம் அத்தனை நாளும் பகலில் பச்சைப் பெட்டிக்கு ஓட்டுக் கேட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து மருமகளோடு உட்கார்ந்து அறுந்த இழைகளை முடிந்து கொடுத்திருக்கிறார். ஏனய்யா என்று கேட்டோம். "தங்கச்சி மவ கேட்டா மாட்டேன்னு சொல்ல முடியுங்களா? அது ஊட்டு விசயம். எலெக்சன் அக்கட்டால. ஆனா ஒண்ணு, என்ற தறி நாசமாப் போச்சு" என்றார்.

சின்னண்ணன் அந்த வேட்டியை உடுத்தித்தான் தாரை வார்த்தார். கஞ்சி விறைப்பில் அது அவரைச் சுற்றி மரப்பெட்டிபோல நின்றது. பெண் ராசிபுரம் போனாள்.

வீட்டுப் பிரச்சினை தீர்ந்தது. ஓட்டுப் பிரச்சினை தீரவில்லை. கொடி மூலையிலேயே இருந்தது. வக்கீல் மேல் இருந்த கோபம் அப்படியே இருந்தது. மிட்டாதார் சொல்வது சரி என்பதும் அப்படியே இருந்தது. எந்தப் பெட்டி என்று கேட்டால், "அங்க போய்ப் பாத்துக்கலாம்" என்றார்.

ஓட்டு நாளன்று மகள் நெய்த வேட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பினார். நல்ல காரியத்துக்கு அதைத்தான் கட்டுவேன் என்றார். மிட்டாதார் அனுப்பிய வண்டியில், மச்சான் பக்கத்தில் உட்கார்ந்து போனார். இதைப் பார்த்த காங்கிரஸ் தொண்டர்கள் முகத்தில் ஈயாடவில்லை.

ஓட்டுச் சாவடியில் படுதாவுக்குப் பின்னால் இரண்டு பெட்டிகள் இருந்தன. உள்ளே போனவர் வெளியே வரக் காணோம். அதிகாரி இரண்டு முறை குரல் கொடுத்தார். உள்ளே அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதை அவரே பிறகு சொன்னார். மஞ்சளைப் பார்த்தால் வக்கீல் சிரித்த சிரிப்பு ஞாபகம் வந்ததாம். பச்சையைப் பார்த்தால் தன் குரலே பாவடியில் கேட்டதாம். சீட்டு கை தவறிக் கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்தார்.

வெளியே வரிசையில் நின்ற எங்களுக்கெல்லாம் அந்தச் சத்தம் கேட்டது. சர்ரென்று ஒரே இழுப்பு. அதிகாரி பயந்து எழுந்துவிட்டார்.

இடுப்பிலிருந்து முழங்கால் வரை கிழிந்துபோயிற்று. ஒரு கையில் சீட்டு, ஒரு கையில் வேட்டி. அவர் சொன்னது எத்தனை சரி என்று அவர் வேட்டியே சாட்சி சொல்லிவிட்டது. உள்ளே அவர் சிரித்த சிரிப்பும் எங்களுக்குக் கேட்டது. வேட்டியைப் பிடித்தபடி ஒற்றைக் கையால் ஓட்டைப் போட்டுவிட்டு வெளியே வந்தார்.

மருதாசலத்துக்கு ஒரே கொண்டாட்டம். "பாத்தீங்களா மாப்ள! நீங்க சொன்னது, எசமான் சொன்னது, எல்லாம் ரூசுவாயிருச்சு. நம்ம பெட்டிதானுங்களே?"

"மஞ்சப் பொட்டி."

"அட, கிழிஞ்சு தொங்குதுங்களே! அந்த நூலு தப்புன்னு இப்பவாச்சும் தெரியலீங்களா?"

"தப்புத்தான். அத உங்க எசமான்கிட்ட எதுக்குச் சொல்லோணும்? கமிட்டி கூடுமில்ல, அந்த வக்கீல் சட்டையப் புடிச்சுச் சொல்லிக்கறேன். அவருகிட்டத்தான் எனக்குச் சண்ட இருக்குது" என்றார் சின்னண்ணன். மருதாசலம் தலையில் அடித்துக்கொண்டு தன் துண்டை அவிழ்த்து அவர் இடுப்பில் சுற்றிவிட்டார். மிட்டாதார் வண்டியிலேயே வீட்டுக்குக் கூட்டிக்கொண்டும் போனார்.

மஞ்சள் பெட்டி ஜெயித்தது. சின்னண்ணன் கமிட்டிக்குப் போய்ச் சொன்னபடியே சண்டை போட்டார். ஒன்றும் மாறவில்லை. மந்திரிகள் வந்தார்கள், போனார்கள். யுத்த காலத்தில் மில் நூல் கிடைக்காமல் தறிகள் நின்றபோது, "இப்ப உங்க ராட்டை நூலு இருந்தா ஆகுமுங்களே" என்று தெருவே அவரிடம் வந்து நின்றது. "அப்பவும் தாங்காது" என்றார். திட்டுவதை மட்டும் அவர் நிறுத்தவே இல்லை.

அதெல்லாம் பிறகு. ஓட்டுப் போட்ட அந்த வருஷம் ஆடிக்குச் சௌந்திரம் பிறந்த வீட்டுக்கு வந்தாள். வந்ததும் துணிக்கொடியில் தொங்கிய வேட்டியைப் பார்த்துவிட்டாள். கிழிசல் மேலிருந்து கீழே ஓடியது. யாரும் அவளிடம் சொல்லியிருக்கவில்லை. பெண்ணின் முகம் சுண்டிப்போயிற்று. தன் நெசவு நாலு பேர் நடுவில் அப்பாவைக் கைவிட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டாள். கண்ணில் நீர் கட்டிவிட்டது.

சின்னண்ணன் தறிக்குழியை விட்டு ஏறி வந்தார். வேட்டியை எடுத்து அவள் முன்னால் விரித்தார். கிழிசல் ஓரத்தைத் தடவி ஒவ்வோரிடமாகக் காட்டினார்.

"பாரு சாமி. நீ போட்ட முடிச்சு ஒண்ணுகூட அவுறல. அந்துபோனதெல்லாம் என்ற நூலுதான்."

அவள் குனிந்து, விரலால் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தாள். நிஜம்தான். முடிச்சுகள் அத்தனையும் அப்படியே இருந்தன. அவள் வேட்டியை மடித்து வைத்த பிறகு, அவர் சுவரோரம் கிடந்த தக்ளியை எடுத்துத் துடைத்து, இழைக்கு முறுக்குக் கொஞ்சம் கூட இருக்கட்டும் என்று சொல்லிக்கொண்டே நூற்க உட்கார்ந்தார்.